முக்கால் பார்

கட்டைவிரல் அளவுதான்.
பித்தளை உடம்பு, உள்ளே ஒரு குண்டு,
குண்டின் தலைமேல் ஸ்பிரிங்,
ஸ்பிரிங்கை அமுக்க ஒரு திருகு.
நானூறு குரோனா. தபாலில் வந்தது,
வழிமுறைத் தாள் பாதி கிழிந்து.

இதன் வேலை ஒன்றே ஒன்று,
பொய் சொல்வது.
டர்போ ஊதும் காற்று மெல்லிய குழாய் ஒன்றில் போய்
வேஸ்ட்கேட்டின் காதில் "போதும், திற" என்கும்.
குழாயை நடுவில் வெட்டி இதைச் செருகிவிட்டால்
சேதி வழியிலேயே தங்கும்.
"இன்னும் ஒன்றும் வரவில்லையே" என்று
குண்டு வாசலை அடைத்து உட்கார்ந்திருக்கும்.
அதற்குள் எஞ்சின் இன்னொரு மிடறு குடித்துவிடும்.

ஷெலெஃப்டியோ, அக்டோபர் கடைசி.
நாலு மணிக்கே இருட்டு.
மர ஆலைக்குப் பின்னால், பலகை அடுக்குகளுக்கு நடுவே
என் வால்வோ வாய் பிளந்து நின்றது.
சிக்ஸ்டன் டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தான்.
குளிரில் குழாய் கம்பியாய் விறைத்திருந்தது.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி
அதில் முக்கித்தான் இளக்கினோம்.
மிச்சத்தை அவன் குடித்தான்.

அம்புக்குறி ஒன்று உண்டாம்.
கிழிந்த பாதியில் இருந்திருக்கும்.
முதல் ஓட்டத்தில் முள் நிற்கவே இல்லை.
"புள்ளி ஆறு, புள்ளி எட்டு,
ஒன்று, ஒன்று, இல்வா!"
காலை எடுத்தேன்.
மரலாரி ஒன்று எங்களைக் கடந்து போகும்வரை
இருவரும் பேசவில்லை.
பிறகு சிரித்தான்.
திருப்பி மாட்டினோம்.
திருகை முழுக்கத் தளர்த்தி, முதலிலிருந்து.

அரைச் சுற்று. பூட்டு நட்டை இறுக்கு. பானெட்டை மூடு.
மூன்றாம் கியர், கால் தரைவரை.
எனக்குச் சாலை, அவனுக்கு முள்.
மீட்டரை அவன் முழங்கால் பக்கம் டேப்பால் ஒட்டியிருந்தோம்,
கலைமான் குறுக்கிடும் சாலையில்
நான் கண்ணெடுக்கக் கூடாது.
"புள்ளி ஐந்து."
அரைச் சுற்று.
"புள்ளி ஆறு."
அரைச் சுற்று. விரல்கள் என்னுடையவையாக இல்லை.
காதை எஞ்சினிடம் விட்டிருந்தேன்.
தகர டப்பாவில் கூழாங்கல் உருளும் சத்தம் வந்தால்
அத்தோடு சரி, பிஸ்டன் போச்சு.
வரவில்லை.
கால் சுற்று.
"முக்கால்" என்றான். "முக்கால் பார். போதும்."
பேசி வைத்த அளவு அதுதான்.
நட்டை இறுக்கினேன்.

நவம்பரில் மீட்டரை என் பக்கம் மாற்றினேன்.
அதே சாலை, அதே மூன்றாம் கியர்.
முள் ஏறியது, நின்றது.
புள்ளி ஆறு.
மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன்.
குமிழி இல்லை.
வெல்டர் ஓடினிடம் வேறு மீட்டர் கடன் வாங்கினேன்.
புள்ளி ஆறு.

முக்கால் பார்.
பார்த்தவன் அவன். நான் கேட்டவள்.

அப்போதுதான் அவன் பக்கத்து மிதியடியைக் கவனித்தேன்.
வலது பூட்ஸின் தடம் ஆழமாய்ப் பதிந்து காய்ந்திருந்தது,
பிரேக்கே இல்லாத பக்கத்தில்.
அதே வாரம்தான் உணவறையில்
ஸ்கேன் படத்தைக் கைமாற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்,
தலை எது கால் எது என்று அவனுக்கே தெரியாமல்.

பித்தளை குறைத்துச் சொல்கிறது.
அவன் கூட்டிச் சொன்னான்.
கூட்டிக் கழித்து நடுவே ஓடுகிறது என் எஞ்சின்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தேன்.
நட்டு தளர்ந்தது.
திருகின்மேல் விரல் வைத்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன், பனி தூற ஆரம்பித்திருந்தது.

மறுநாள் இடைவேளையில் கேட்டான்,
"எப்படி இழுக்குது?"
"முக்கால்" என்றேன்.
முகத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினான்.
ரப்பர் வாடை இன்னும் போகவில்லை.